மாரடைப்புக்குப் பின் உடற்பயிற்சி: நோயாளியை நடக்க வைப்பதில் மருத்துவரின் பங்கு – முக்கியக் குறிப்புகள்

செவிலியர், பிசியோதெரபி, பொதுச் சுகாதாரப் பணித் தேர்வுகளுக்குப் படிப்பவர்களுக்கு இந்தத் தலைப்பு கையேடுகளில் இரண்டு வரியோடு முடிந்துவிடுகிறது: வாரம் 150 நிமிடம், மிதமான உடற்பயிற்சி. எண் சரிதான். ஆனால் அந்த எண்ணை நோயாளிகள் எல்லோரும் கேள்விப்பட்டிருக்கிறார்கள், நடப்பவர்கள்தான் குறைவு. டாக்டர் சொல்லியும் ஏன் நடப்பதில்லை என்பதே உண்மையான கேள்வி. சோம்பல் என்று எழுதிவிடுவது எளிது. மாரடைப்பு வந்து திரும்பியவரிடம் பேசிப் பார்த்தால் முதலில் வெளியே வருவது பயம். அந்தப் பயத்தை மையமாக வைத்தே கீழ்க்காணும் குறிப்புகள் தொகுக்கப்பட்டுள்ளன.

1. படுக்கையிலிருந்து நடைக்கு: வரலாறு

• 1768: லண்டன் மருத்துவர் வில்லியம் ஹெபர்டன் 'ஆஞ்சைனா பெக்டோரிஸ்' என்னும் நெஞ்சுவலியை விவரித்தார், 1772-ல் அச்சில் வந்தது. தினமும் அரை மணி நேரம் மரம் அறுத்த ஒரு நோயாளிக்கு வலி ஏறக்குறைய நீங்கிவிட்டது என்றும் அவர் பதிவு செய்திருக்கிறார். இந்தக் குறிப்பு அவர் மறைந்தபின் 1802-ல் வெளியான நூலில் உள்ளது. இதய நோய்க்கு உடலுழைப்பு உதவும் என்பதற்கான மிகப் பழைய சான்றுகளில் ஒன்று.

• 1912: சிகாகோவின் ஜேம்ஸ் ஹெரிக், மாரடைப்பின் அறிகுறிகளைத் தெளிவாக வரையறுத்தார். அதற்குப் பின் வந்த பத்தாண்டுகளில் சிகிச்சை என்றால் படுக்கைதான். சேதமடைந்த இதயத் தசை வடுவாகி உறுதிப்பட சுமார் 6 வாரம் ஆகும் என்பது காரணமாகச் சொல்லப்பட்டது. சாப்பாடு ஊட்டுவது, திரும்பிப் படுக்க வைப்பது வரை எல்லாம் செவிலியர் கையில். நுரையீரலில் ரத்தக்கட்டி அடைத்து இறந்தவர்கள் ஏராளம்.

• 1952: பாஸ்டனில் சாமுவேல் லெவினும் பெர்னார்ட் லவுனும் மாரடைப்பு நோயாளிகளைப் படுக்கையிலிருந்து எழுப்பி நாற்காலியில் உட்கார வைத்தனர். 'நாற்காலி சிகிச்சை' என்று பெயர் பெற்றது. நாற்காலியில் உட்கார்ந்தால் செத்துவிடுவார்கள் என்று அஞ்சப்பட்ட காலம் அது. லவுனை இன்னொரு கேள்விக்கும் நினைவில் வையுங்கள்: அணு ஆயுதப் போரைத் தடுப்பதற்கான மருத்துவர்கள் அமைப்பின் இணை நிறுவனர், அந்த அமைப்பு 1985-ல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்றது.

• 1953: ஜெர்ரி மாரிஸ், லண்டன் பேருந்து ஊழியர் ஆய்வு, 'லான்செட்' இதழ். இரட்டை மாடிப் பேருந்தில் ஓட்டுநர் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறார். நடத்துநர் ஒரு பணிநாளில் சுமார் 500 முதல் 750 படிகள் ஏறுகிறார். இருவரும் ஒரே வண்டி, ஒரே புகை, ஏறக்குறைய ஒரே சம்பளம். மாரடைப்பு நடத்துநர்களுக்குக் குறைவாகவும் தாமதமாகவும் வந்தது. உடலுழைப்புக்கும் இதயத்துக்கும் உள்ள தொடர்பைக் காட்டிய முன்னோடி ஆய்வு என்று கேட்டால் விடை இதுவே. ஓட்டுநர்களின் சீருடை இடுப்பளவு நடத்துநர்களைவிடப் பெரிது என்பதை 1956-ல் அவரே தனிக் கட்டுரையாக எழுதினார்.

• 1955, செப்டம்பர் 24: அமெரிக்க அதிபர் ஐசனோவருக்கு டென்வரில் மாரடைப்பு. சிகிச்சைக் குழுவில் பால் டட்லி ஒயிட். நடை, மிதிவண்டி ஆகியவற்றை ஓயாமல் வலியுறுத்திய மருத்துவர் அவர். ஐசனோவர் மீண்டும் கோல்ஃப் ஆடினார், 1956 தேர்தலில் நின்று வென்றார். மாரடைப்போடு வாழ்க்கை முடிந்துவிடவில்லை என்று கோடிக்கணக்கானோர் கண்ணால் கண்ட நிகழ்வு.

• 1966: டாலஸ் படுக்கை ஓய்வு ஆய்வு. 20 வயதுடைய ஆரோக்கியமான 5 இளைஞர்கள் 3 வாரம் படுக்கையில் வைக்கப்பட்டனர். உடலின் அதிகபட்ச ஆக்சிஜன் பயன்பாடு நான்கில் ஒரு பங்குக்கு மேல் சரிந்தது. 30 ஆண்டு கழித்து அதே ஐவரையும் சோதித்தபோது, 30 ஆண்டு முதுமை செய்த சேதத்தைவிட அந்த 3 வாரப் படுக்கை செய்த சேதம் அதிகம் என்று தெரிந்தது. ஒரே ஒரு ஆய்வைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். "இன்னும் கொஞ்ச நாள் ஓய்வெடுங்க" என்று அன்போடு சொல்லும் உறவினருக்குக் கொடுக்க வேண்டிய பதில் இதில் இருக்கிறது.

2. மனப்பாடம் செய்ய வேண்டிய எண்கள்

• உலகில் இதய, ரத்தநாள நோய்களால் இறந்தவர்கள் (2019): 1.79 கோடி, மொத்த இறப்பில் 32%. இதில் 85% மாரடைப்பும் பக்கவாதமும்.

• உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல்: வாரம் 150–300 நிமிடம் மிதமான பயிற்சி, அல்லது 75–150 நிமிடம் கடுமையான பயிற்சி, கூடவே வாரம் 2 நாளாவது தசை வலுவூட்டும் பயிற்சி. நாள்பட்ட நோய் உள்ளவர்களுக்கான பரிந்துரை இதில் தனியாகச் சேர்க்கப்பட்டது. எவ்வளவு குறைவாக இருந்தாலும் எதுவுமே செய்யாததைவிட மேல் என்பதும் அதே ஆவணத்தின் கருத்து. நோயாளியிடம் 150-ஐ முதல் நாளே சொல்வதைவிட இந்த வரியைச் சொல்வது பலன் தரும்.

• உலகப் பெரியவர்களில் போதிய உடலுழைப்பு இல்லாதவர்கள் (2022): 31%, அதாவது சுமார் 180 கோடி பேர். இந்தியாவில் ஏறக்குறைய பாதிப்பேர்; ஆண்களைவிடப் பெண்களிடம் அதிகம். 2030-க்குள் 15% குறைப்பது உலக இலக்கு.

• 1 மெட் = ஒரு கிலோ உடல் எடைக்கு நிமிடத்துக்கு 3.5 மில்லி ஆக்சிஜன். சும்மா உட்கார்ந்திருப்பது 1 மெட். 3 முதல் 6 வரை மிதமானது. 6-க்கு மேல் கடுமையானது.

• ஜொனாதன் மையர்ஸ், 2002: 6,213 ஆண்களிடம் செய்த ஆய்வு. உடற்பயிற்சித் திறன் 1 மெட் கூடினால் உயிர்வாழும் வாய்ப்பு 12% கூடியது.

• உடற்பயிற்சி அடிப்படையிலான இதய மறுவாழ்வு: 85 ஆய்வுகள், 23,430 நோயாளிகளின் தொகுப்பு. இதயநோய் மரணம் 26%, மீண்டும் மாரடைப்பு 18%, மருத்துவமனையில் சேர்வது 23% குறைவு. எல்லாக் காரணங்களாலும் நிகழும் மொத்த மரணத்தில் தெளிவான வித்தியாசம் தெரியவில்லை. 'எல்லா மரணமும் குறைந்தது' என்று தெரிவில் கொடுத்தால் ஏமாந்துவிடாதீர்கள்.

• மறுவாழ்வின் கட்டங்கள்: முதலாவது மருத்துவமனையில் இருக்கும்போது, இரண்டாவது வீடு திரும்பியபின் மேற்பார்வையில், மூன்றாவது வாழ்நாள் முழுக்கத் தொடர்வது. சில நூல்கள் மூன்றாவதை இரண்டாகப் பிரித்து நான்கு என்று சொல்லும்.

3. பயம் எங்கே இருக்கிறது, அதை யார் எடுப்பது?

இந்தப் பகுதியில் சற்று நிதானமாக நில்லுங்கள். விளக்க விடைக் கேள்வி வந்தால் மதிப்பெண் இங்கேதான் இருக்கிறது.

நெஞ்சு படபடப்பது, மூச்சு வாங்குவது, வியர்ப்பது. நடந்தால் வரும் இயல்பான அடையாளங்கள் இவை. மாரடைப்பு வந்த நாளிலும் அதே மூன்றும் வந்திருந்தன. ஆகவே டிஸ்சார்ஜ் ஆகி வீடு வந்தவர் தெருமுனை வரை போய் லேசாக மூச்சு வாங்கியதும் திரும்பிவிடுகிறார். மறுநாள் வாசலோடு நிற்கிறார். ஒரு மாதத்தில் வாசலுக்குப் போனாலே மூச்சு வாங்கும் அளவுக்கு உடம்பு தளர்ந்துவிடுகிறது. அதைப் பார்த்து இதயம் இன்னும் சரியாகவில்லை என்று வீடே முடிவு கட்டுகிறது.

• ஆல்பர்ட் பண்டூரா, 1977: 'தன்னால் முடியும்' என்னும் நம்பிக்கை பற்றிய கோட்பாடு. அந்த நம்பிக்கை நான்கு வழியில் பிறக்கிறது: தானே செய்து பார்த்தல், தன்னைப் போன்றவர் செய்வதைப் பார்த்தல், நம்பகமானவர் எடுத்துச் சொல்லுதல், உடம்பு காட்டும் குறிகளைச் சரியாகப் புரிந்துகொள்ளுதல். நான்கில் வலுவானது முதலாவது.

• இதய நோயாளிக்கு இந்த நான்கையும் பொருத்திப் பாருங்கள். டாக்டர் கண்முன் நடந்து காட்டுவது முதலாவது. மூன்று மாதம் முன்பு பைபாஸ் செய்துகொண்டவர் ஓ.பி.யில் நிமிர்ந்து நடந்து வருவதைப் பார்ப்பது இரண்டாவது. டாக்டரின் தெளிவான சொல் மூன்றாவது. "லேசா மூச்சு வாங்கும், அது நல்லதுக்குத்தான், நெஞ்சு இறுக்கினா மட்டும் நில்லுங்க" என்று பிரித்துச் சொல்லிக்கொடுப்பது நான்காவது.

• 1985, ஸ்டான்ஃபோர்டு: டெய்லர், பண்டூரா, டீபஸ்க் குழுவின் ஆய்வு. சிக்கலில்லாத மாரடைப்பு வந்து சில வாரமே ஆன ஆண்களுக்கு டிரெட்மில் சோதனை. அவர்களின் மனைவியர் மூன்று குழுவாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழு சோதனையைப் பார்க்கவில்லை. இன்னொரு குழு பார்த்தது. மூன்றாவது குழு பார்த்ததோடு, கணவர் எட்டிய உச்ச வேகத்தில் தாங்களும் 3 நிமிடம் அதே டிரெட்மில்லில் நடந்தது. கணவரின் இதயம் தாங்கும் என்ற நம்பிக்கை அந்த மூன்றாவது குழுவிடம்தான் கணவரின் நம்பிக்கைக்கு நிகராக உயர்ந்தது. அறிக்கையைப் படித்துச் சொன்னது போதவில்லை. தன் காலால் நடந்து பார்த்தபோதுதான், இவ்வளவு பாரத்தையா இவர் தாங்கினார் என்பது மனைவிக்குப் புரிந்தது.

நம் ஊருக்கு இது எவ்வளவு பொருந்தும் என்று சொல்லத் தேவையில்லை. வீட்டில் தண்ணீர்க் குடத்தைத் தொட விடாமல், மாடிப்படி ஏற விடாமல், கடைக்குப் போக விடாமல் காப்பது மனைவியும் மகளும்தான். டிஸ்சார்ஜ் நாளில் ஆலோசனை சொல்லும்போது அவர்களையும் அறைக்குள் உட்கார வைப்பதும், வராந்தாவில் நோயாளியை நடக்க வைத்து அவர்களையும் கூடவே நடக்கச் சொல்வதும் செலவில்லாத சிகிச்சை.

• 6 நிமிட நடைச் சோதனை: அமெரிக்க மார்புநோய்ச் சங்கத்தின் வழிகாட்டுதல், 2002. 30 மீட்டர் நீளமுள்ள சமதரை வராந்தா, இரு முனையிலும் ஓர் அடையாளக் கூம்பு, ஒரு நாற்காலி, ஒரு கைக்கடிகாரம். நோயாளி தன் வேகத்தில் போய்த் திரும்பலாம், இடையில் நின்று இளைப்பாறலாம். கடிகாரம் மட்டும் நிற்காது. சோதிப்பவர் கூடவே நடக்கக் கூடாது, நடந்தால் அவர் வேகத்துக்கு நோயாளி ஓடிவிடுவார். நிமிடத்துக்கு ஒருமுறை வரையறுத்த ஊக்கச் சொல் மட்டும். கடந்த தூரம் மீட்டரில் குறிக்கப்படும். டிரெட்மில் இல்லாத தாலுகா மருத்துவமனையிலும் செய்ய முடிந்தது இது. அடுத்த மாதம் அதே வராந்தாவில் கூடுதல் தூரம் நடந்தால், நோயாளிக்கு அதைவிடப் பெரிய ஊக்கம் வேறில்லை.

• கேட்கத் தயங்கும் கேள்வி: தாம்பத்தியம். அதற்குத் தேவையானது சுமார் 3 முதல் 5 மெட், ஏறக்குறைய இரண்டு மாடி ஏறும் உழைப்பு. நோயாளி வாய்விட்டுக் கேட்க மாட்டார். மருத்துவரே எடுத்துச் சொல்ல வேண்டும். நைட்ரேட் வகை மாத்திரை எடுப்பவர் சில்டெனாஃபில் வகை மாத்திரையைச் சேர்க்கவே கூடாது. ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்குச் சரியும். நேரடி வினாவாக வரக்கூடியது.

• மேற்பார்வையில் செய்யும் பயிற்சி எவ்வளவு பாதுகாப்பானது? அமெரிக்காவின் 167 மறுவாழ்வு மையங்களைப் பார்த்த 1986 ஆய்வில், ஏறத்தாழ 7.8 லட்சம் நோயாளி-மணி நேரத்துக்கு ஒரு மரணம். பயப்படும் நோயாளிக்கு இந்த எண்ணை எளிய தமிழில் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

4. மருத்துவரின் வாய்ச்சொல்

• பிலிப் ஏடஸ், 1992, வெர்மான்ட்: முதிய இதய நோயாளிகள் மறுவாழ்வுப் பயிற்சியில் சேர்வதைத் தீர்மானித்த காரணிகளில் முதலிடம், மருத்துவர் எவ்வளவு அழுத்தமாகப் பரிந்துரைத்தார் என்பதே. "முடிஞ்சப்ப நடங்க" என்பது அனுமதி. "ஐயா, நாளைக்குக் காலையிலிருந்து பத்து நிமிஷம், சமதரையில, வாரத்துல அஞ்சு நாள். மாத்திரை மாதிரியே இதுவும் கட்டாயம்" என்பதுதான் பரிந்துரை.

• காலம் தாழ்த்தாமை: டெட்ராய்ட் ஆய்வு, 2013-ல் வெளியானது. மறுவாழ்வு மையத்துக்கான முதல் வருகையை டிஸ்சார்ஜுக்குப் பின் 10 நாளுக்குள் கொடுத்தால் 77% பேர் வந்தனர். 35 நாள் கழித்துக் கொடுத்தால் 59%. மருந்தும் கருவியும் கூடுதலாக எதுவும் இல்லை, தேதி மட்டுமே மாறியது.

• தானியங்கிப் பரிந்துரை: டிஸ்சார்ஜ் சம்மரியிலேயே மறுவாழ்வுப் பரிந்துரை தானாக இடம்பெறுவது, கூடவே ஒரு செவிலியர் படுக்கையருகே வந்து விளக்குவது. கனடாவில் ஷெரி கிரேஸ் குழுவின் ஆய்வில், இரண்டும் சேர்ந்தபோது பலன் அதிகம்.

• உடற்பயிற்சியும் ஓர் 'உயிர்க்குறி': கலிஃபோர்னியாவின் கைசர் பர்மனென்டே 2009-ல் தொடங்கியது. நாடி, ரத்த அழுத்தம் பார்க்கும்போதே இரண்டு கேள்வி: வாரத்தில் எத்தனை நாள் நடக்கிறீர்கள்? ஒரு நாளைக்கு எத்தனை நிமிடம்? பெருக்கினால் வார நிமிடம். ஒரு நிமிடத்துக்குள் முடியும் வேலை. ஒவ்வொரு முறையும் கேட்டால், இது பேச்சுக்குச் சொன்னதல்ல என்று நோயாளிக்குப் புரிந்துவிடும்.

• பச்சைச் சீட்டு: நியூசிலாந்து, 1998. மருந்துச்சீட்டு போலவே உடற்பயிற்சியை எழுதிக் கொடுப்பது. 42 பொது மருத்துவ நிலையங்களில் 878 பேரிடம் நடந்த ஆய்வு 2003-ல் வெளிவந்தது: சீட்டு எழுதிக் கொடுக்கப்பட்டவர்களில் சுமார் 10 பேருக்கு ஒருவர் கூடுதலாக, வாரம் இரண்டரை மணி நேர இலக்கை ஓராண்டுக்குப் பின்னும் எட்டியிருந்தார்.

• 'உடற்பயிற்சியே மருந்து' இயக்கம்: 2007, அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரியும் அமெரிக்க மருத்துவச் சங்கமும்.

• மருத்துவரின் சொந்தப் பழக்கம்: எரிக்கா ஃபிராங்க், 2000. நோயாளிகளுக்கு ஒரு மருத்துவரின் இரண்டு காணொளிகள் காட்டப்பட்டன. ஒன்றில் அவர் தன் உணவு, உடற்பயிற்சி பற்றி அரை நிமிடம் கூடுதலாகப் பேசுகிறார். மேசைமேல் ஒரு ஆப்பிளும் மிதிவண்டித் தலைக்கவசமும் தெரிகின்றன. அந்தக் காணொளியைப் பார்த்தவர்களுக்கு அவர் மீது நம்பிக்கையும் ஈர்ப்பும் கூடின. தொப்பை வைத்த டாக்டரைப் பற்றி நோயாளிகள் வெளியே வந்து என்ன பேசிக்கொள்கிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும்.

• ஊக்க உரையாடல்: வில்லியம் மில்லர், 1983, ஸ்டீபன் ரோல்னிக்கோடு சேர்ந்து நூலாக, 1991. முதலில் குடிநோயாளிகளுக்காக உருவானது. அதட்டாமல், நோயாளியின் வாயாலேயே காரணத்தை வரவழைப்பது இதன் உயிர். "மறுபடி என்ன செய்ய முடிஞ்சா உங்களுக்குச் சந்தோஷம்?" என்று கேட்டால், பேரனைப் பள்ளியில் விட்டு வர வேண்டும் என்பார் ஒருவர்; மலைக்கோவில் படி ஏற வேண்டும் என்பார் ஓர் அம்மா. அந்த விருப்பத்தை இலக்காக்கி, அதற்கு எத்தனை மெட் வேண்டும் என்று பின்னோக்கிக் கணக்கிடுவதே நல்ல மருத்துவம் என்பேன்.

• மனமாற்றப் படிநிலைகள்: புரோசாஸ்கா, டிக்ளெமென்டே, 1983. எண்ணமே இல்லாத நிலை, யோசிக்கும் நிலை, ஆயத்த நிலை, செயல் நிலை, தொடரும் நிலை. செயல் நிலை 6 மாதம் வரை; அதற்கு மேல் தொடரும் நிலை. யோசிக்கும் நிலையில் இருப்பவருக்குப் பயிற்சி அட்டவணை கொடுத்தால் அது மேசை இழுப்பறைக்குத்தான் போகும்.

5. சீட்டில் எழுத வேண்டியவை

• நான்கு அம்சம்: எத்தனை முறை, எவ்வளவு கடுமை, எவ்வளவு நேரம், என்ன வகை. ஆங்கில முதலெழுத்துகளால் 'ஃபிட்' விதி எனப்படும்.

• கார்வோனன் சூத்திரம் (ஃபின்லாந்து, 1957): இலக்குத் துடிப்பு = (அதிகபட்சத் துடிப்பு – ஓய்வுத் துடிப்பு) × கடுமைச் சதவீதம் + ஓய்வுத் துடிப்பு. அதிகபட்சத் துடிப்பைத் தோராயமாக 220-லிருந்து வயதைக் கழித்துப் பெறலாம்.

கணக்கு: வயது 60, ஓய்வுத் துடிப்பு 70. அதிகபட்சம் 160, இடைவெளி 90. 40% எனில் 36 + 70 = 106. 60% எனில் 54 + 70 = 124. இலக்கு, நிமிடத்துக்கு 106 முதல் 124.

• இந்தக் கணக்கில் ஒரு பொறி உண்டு. மெட்டோபுரோலால், பிசோபுரோலால், கார்வெடிலால் போன்ற பீட்டா பிளாக்கர் எடுப்பவருக்குத் துடிப்பு வழக்கம்போல் ஏறாது. 220 கழித்தல் வயது என்பது அவர்களுக்கு ஒத்துவராது. மாரடைப்பு நோயாளிகளில் பெரும்பாலோர் இந்த மாத்திரையில் இருப்பவர்கள். அவர்களுக்கு டிரெட்மில் சோதனையில் கிடைத்த அளவு அல்லது போர்க் அளவுகோல்தான் துணை.

• போர்க் அளவுகோல்: ஸ்வீடன் உளவியலாளர் குன்னார் போர்க். நோயாளி உணரும் சிரமத்தை 6 முதல் 20 வரை சொல்வது. 6-ல் தொடங்குவதற்குக் காரணம், 10-ஆல் பெருக்கினால் ஆரோக்கியமானவரின் துடிப்பு தோராயமாக வரும். இதய நோயாளிக்கு 11 முதல் 14 வரை பொதுவான வரம்பு. 0 முதல் 10 வரையிலான இன்னொரு போர்க் அளவுகோலும் உண்டு.

• பேச்சுச் சோதனை: நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் கருவி இல்லாதவருக்கும் இதுவே போதும்.

• தொடக்கத்திலும் முடிவிலும் 5 முதல் 10 நிமிடம் மெதுநடை. திடீரென நின்றால் ரத்தம் கால்களில் தேங்கி அழுத்தம் குறைந்து மயக்கம் வரும்.

• பைபாஸ் செய்தவர்: மார்பெலும்பு கூட வழக்கமாக 6 முதல் 8 வாரம் ஆகும். அதுவரை பாரம் தூக்குவது, கைகளை ஊன்றித் தள்ளுவது தவிர்க்க வேண்டும். நடப்பதற்கு இந்தத் தடை இல்லை. "தூக்காதீங்க" என்று சொல்லும் அதே மூச்சில் "நடங்க" என்றும் சொல்லாவிட்டால், வீட்டுக்குப் போனதும் முதலாவது மட்டுமே நினைவில் நிற்கும்.

• சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடுபவர்: நடைக்கு முன் சர்க்கரை 90-க்குக் கீழே இருந்தால் ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் புறப்பட வேண்டும். கால் மரத்துப்போனவர் வெறுங்காலில் நடக்கக் கூடாது.

• தீவிர இடைவெளிப் பயிற்சி: நார்வேயின் '4 முறை 4 நிமிடம்' முறை புகழ்பெற்றது. இதயச் செயலிழப்பு நோயாளிகளிடம் மிதமான தொடர் பயிற்சியைவிட மேலானது என்று 2017-ன் பெரிய ஆய்வில் நிறுவப்படவில்லை.

6. எப்போது கூடாது?

நிலையற்ற நெஞ்சுவலி, கட்டுப்படாத துடிப்புக் கோளாறு, நீர் கோத்த நிலையில் உள்ள இதயச் செயலிழப்பு, அறிகுறியோடு கூடிய கடுமையான பெருந்தமனி வால்வுச் சுருக்கம், இதயத்தசை அழற்சி, நுரையீரல் ரத்தக்கட்டி, காய்ச்சல், ஓய்வில் ரத்த அழுத்தம் 180/110-க்கு மேல். இவை சரியாகும் வரை பயிற்சி இல்லை.

நடக்கும்போது நெஞ்சு இறுக்கம், தாடை அல்லது இடது கையில் வலி, தலைசுற்றல், சில்லென்ற வியர்வை வந்தால் உடனே நின்று உட்கார வேண்டும். டாக்டர் கொடுத்திருந்தால் நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரையை வைத்துக்கொள்ள வேண்டும். வலி அடங்காவிட்டால் 108. இதயச் செயலிழப்பு உள்ளவருக்கு மூன்று நாளில் 2 கிலோ எடை கூடினால் அது நீர் சேர்வதன் அடையாளம். நடையை நிறுத்திவிட்டு டாக்டரைப் பார்க்க வேண்டும்.

7. தொடங்கியவரைத் தொடர வைத்தல்

• ஹெச்.எஃப்.-ஆக்‌ஷன், 2009: இதயச் செயலிழப்பு நோயாளிகள் 2,331 பேர். 36 மேற்பார்வைப் பயிற்சிக்குப் பின் வீட்டில் தொடர வேண்டும். முதன்மை முடிவில் பலன் சிறிதாகவே தெரிந்ததற்கு ஒரு காரணம், சொன்ன அளவு பயிற்சியைத் தொடர்ந்தவர்கள் குறைவு என்பதே. இந்தத் துறையின் பெரிய வலி இதுதான்.

• நடைமானி: ஜப்பானின் 'மான்போ-கெய்', 1965. 10,000 அடி என்ற இலக்கு இந்தக் கருவியின் பெயரிலிருந்து பரவியது. 2007-ல் வந்த ஆய்வுத் தொகுப்பின்படி, நடைமானி அணிந்தவர்கள் நாளொன்றுக்குச் சுமார் 2,500 அடி கூடுதலாக நடந்தனர். இலக்கு வைத்துக்கொண்டவர்களிடம்தான் இந்தப் பலன்.

• இழப்புணர்வு: 2018, இதய நோயாளிகள் 105 பேர், அமெரிக்கா. வாரத் தொடக்கத்திலேயே கணக்கில் 14 டாலர் போடப்பட்டது. இலக்கை எட்டாத ஒவ்வொரு நாளும் 2 டாலர் பிடிக்கப்பட்டது. வரப்போகும் பரிசைவிடக் கையில் இருப்பதை இழப்பது மனத்தைத் தைக்கும் என்பது அடிப்படை. அடிகள் கூடின, பணம் நின்ற பிறகும் முன்னேற்றம் மறையவில்லை.

• பி ஆக்டிவ், 2024: 1,062 பேர், 12 மாதம். விளையாட்டு முறையில் புள்ளிகள் கொடுத்தது, பண ஊக்கம், இரண்டும் சேர்ந்தது என மூன்று வழிகள். இரண்டும் சேர்ந்த குழு, ஒப்பீட்டுக் குழுவைவிட நாளொன்றுக்கு 868 அடி கூடுதலாக நடந்தது. விளையாட்டு முறையில் வீட்டில் ஒருவரை ஆதரவாளராக நியமித்து அவருக்கு வாராந்திர நிலவரம் அனுப்பப்பட்டது. பணம் கொடுக்க நம்மிடம் வழியில்லாவிட்டாலும் அந்த ஒருவரை நியமிக்க வழி இருக்கிறது.

• சேர்க்கை எங்குமே குறைவு: அமெரிக்காவில் மெடிகேர் காப்பீடு பெற்ற தகுதியுள்ளவர்களில் சுமார் 24% பேரே மறுவாழ்வில் கலந்துகொண்டனர் (2016). 'மில்லியன் ஹார்ட்ஸ்' திட்டத்தின் இலக்கு 70%. பெண்களுக்குப் பரிந்துரையும் குறைவு, சேர்க்கையும் குறைவு. "வீட்டு வேலை செய்யறேனே, அது போதாதா?" என்று கேட்கும் அம்மாவிடம், அடுப்படி வேலையில் துடிப்பு தொடர்ந்து ஏறுவதில்லை என்பதைச் சொல்லி, அவருக்கென்று அரை மணி நேரத்தை வீட்டாரிடம் டாக்டரே கேட்டு வாங்கித் தர வேண்டியிருக்கிறது.

• மனச்சோர்வு: மாரடைப்புக்குப் பின் பரவலாகக் காணப்படுவது. இதைக் கண்டறிந்து கவனிக்காமல் நடையைப் பற்றி மட்டும் பேசினால் பலன் இருக்காது.

8. இந்தியா, தமிழ்நாடு

• யோகா-கேர் ஆய்வு, 2020: 24 மருத்துவமனைகள், 3,959 மாரடைப்பு நோயாளிகள். யோகா அடிப்படையிலான 13 மறுவாழ்வு வகுப்புகள். பழைய வேலைக்குத் திரும்புவதும், தன் உடல்நலம் பற்றிய மதிப்பீடும் மேம்பட்டன; மரணம், மீண்டும் மாரடைப்பு போன்ற பெரு நிகழ்வுகளில் தெளிவான வித்தியாசம் இல்லை. டிரெட்மில் மையங்கள் அரிதான நாட்டில் பாயும் ஓர் ஆசிரியரும் போதுமான முறை என்பதால் முக்கியமானது.

• தொற்றா நோய்த் தடுப்புக்கான தேசியத் திட்டம்: 2010-ல் தொடக்கம், 2023-ல் பெயர் மாற்றப்பட்டது.

• ஃபிட் இந்தியா இயக்கம்: 2019 ஆகஸ்ட் 29, தேசிய விளையாட்டு நாள்.

• மக்களைத் தேடி மருத்துவம்: 2021 ஆகஸ்ட் 5, கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளி. ரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரைகளோடு இயன்முறை சிகிச்சையும் வீடு தேடி வருகிறது. 2024-ல் ஐ.நா. விருது. மாத்திரை கொடுக்க வரும் பணியாளர் "இந்த வாரம் எத்தனை நாள் நடந்தீங்க?" என்று சேர்த்துக் கேட்டால், உயிர்க்குறிக் கேள்வி வீட்டு வாசலுக்கே வந்துவிடும்.

• நடப்போம் நலம் பெறுவோம்: 2023 நவம்பர் 4. 38 மாவட்டங்களிலும் 8 கி.மீ. நடைபாதை. டிஸ்சார்ஜ் ஆனவருக்கு 8 கி.மீ. இலக்கு அல்ல, அதில் முதல் அரை கிலோமீட்டர் எது, உட்கார இருக்கை எங்கே என்பதைச் சொல்லி அனுப்ப வேண்டும்.

• உலக இதய நாள்: செப்டம்பர் 29.

9. குழப்பிக்கொள்ள வாய்ப்புள்ளவை

• மாரிஸ் – லண்டன் பேருந்து ஊழியர். பாஃபன்பர்கர் – சான் பிரான்சிஸ்கோ துறைமுகத் தொழிலாளரும் ஹார்வர்டு முன்னாள் மாணவரும்.

• கார்வோனன் – துடிப்புச் சூத்திரம். போர்க் – உணரும் சிரமம். புரூஸ் – டிரெட்மில் சோதனை முறை (ராபர்ட் புரூஸ், சியாட்டில், முதல் கட்டம் மணிக்கு 2.7 கி.மீ., 10% ஏற்றம், 3 நிமிடம்).

• மாரடைப்பு – ரத்தக்குழாய் அடைத்து இதயத் தசை சாவது. இதயச் செயலிழப்பு – இதயம் போதிய அளவு ரத்தத்தை இறைக்க முடியாத நிலை. திடீர் இதய நிறுத்தம் – துடிப்பே நின்றுபோவது. முதல் இரண்டிலும் நிலைப்பட்டபின் உடற்பயிற்சி சிகிச்சையின் ஒரு பகுதி. மூன்றாவதில் அந்தக் கணம் தேவைப்படுவது மார்பழுத்தம், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை.